உழவுக்குதிரையும் குதிரைக்காரரும்: பிரிட்டன் பண்ணைகளில் ஒரு தொழிலின் வரலாறு

19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலும் பிரிட்டனின் பண்ணை வேலைகளைத் தாங்கி நின்றவை பார இழுவைக் குதிரைகள். உழவு, பரம்படிப்பு, விதைப்பு, அறுவடை, எரு ஏற்றுதல், தானியத்தைச் சந்தைக்குக் கொண்டுசெல்லுதல் என எல்லாவற்றுக்கும் அவையே பூட்டப்பட்டன. முதல் உலகப் போருக்கு முன் அந்நாட்டுப் பண்ணைகளில் ஏறத்தாழ 10 லட்சம் குதிரைகள் வேலை செய்தன. அவற்றுக்குத் தீனி வைத்து, தேய்த்து, பழக்கி, ஓட்டியவர்கள் கிராமத் தொழிலாளர்களில் தனி மதிப்புப் பெற்ற குதிரைக்காரர்கள். வயலில் குதிரை காட்டிய வலிமை, வயலுக்குப் போகும் முன்பும் திரும்பிய பின்பும் லாயத்தில் அவர்கள் செலவிட்ட உழைப்பால் உருவானது.

மாட்டிலிருந்து குதிரைக்கு

அதற்கு முன் நெடுங்காலம் இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஏர் இழுத்தவை எருதுகள். 18ஆம் நூற்றாண்டில் இந்நிலை வேகமாக மாறியது. எருதைவிடக் குதிரை விரைவாக நடக்கும். சாலையில் வண்டியும் இழுக்கும். நகரங்கள் வளர்ந்தபோது மதுபான ஆலைகள், நிலக்கரி வணிகர்கள், பின்னர் ரயில்வே நிறுவனங்கள் எனப் பெரிய குதிரைகளைக் கேட்டு வாங்குவோர் பெருகினர். லெஸ்டர்ஷயரின் டிஷ்லி பண்ணையைச் சேர்ந்த ராபர்ட் பேக்வெல் (1725–1795) ஆடு மாடுகளில் கையாண்ட இனத்தேர்வு முறையைக் கருநிற வண்டிக் குதிரைகளிலும் கையாண்டார்.

இந்த வளர்ச்சியில் மூன்று உள்நாட்டு இனங்கள் நிலைபெற்றன. இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஷயர், ஸ்காட்லாந்தின் லனார்க்ஷயரில் கிளைட்ஸ்டேல், கிழக்குக் கரையோர சஃபோக் மாவட்டத்தில் சஃபோக் பஞ்ச் ஆகியவை அவை. குதிரையின் உயரம் அங்கே ‘கை’ என்னும் அளவால் சொல்லப்படும். ஒரு கை 4 அங்குலம். ஷயர் 17 கைக்கு மேலும் வளரும். நன்கு வளர்ந்த குதிரையின் எடை ஒரு டன்னை எட்டும். ஷயருக்கும் கிளைட்ஸ்டேலுக்கும் முழங்காலுக்குக் கீழே அடர்ந்த மயிர் உண்டு. சஃபோக் குதிரைக்கு அது கிடையாது. ஒட்டும் களிமண் நிலத்தில் கால் மயிர் சேற்றைத் திரட்டிக்கொள்ளும் என்பதால், அந்த மாவட்டத்தார் மயிரற்ற காலையே விரும்பி வளர்த்தனர். சஃபோக் குதிரைகள் அனைத்தும் செம்பழுப்பு நிறம் கொண்டவை. இன்றுள்ள எல்லாவற்றின் தந்தைவழியும் உஃபர்ட் ஊரில் 1768இல் பிறந்த ஒரே பொலிகுதிரையிடம் போய் முடிகிறது. சஃபோக், கிளைட்ஸ்டேல் இனங்களுக்கு 1877இலும் ஷயருக்கு 1878இலும் சங்கங்கள் அமைந்து வம்சாவளிப் பதிவேடுகளைப் பேணத் தொடங்கின.

லாயத்தில் ஒரு நாள்

சஃபோக் பகுதிப் பண்ணைகளில் குதிரைக்காரரின் நாள் அதிகாலை 4 மணிக்குத் தொடங்கியது. ஏர் பூட்டும் நேரம் 6.30 என்றாலும், இடையிலுள்ள இரண்டரை மணி நேரம் குதிரைக்குத் தேவைப்பட்டது. அவ்வளவு பெரிய உடலுக்குக் குதிரையின் இரைப்பை மிகச் சிறியது. உண்டதை வாந்தியெடுக்கவும் அதனால் முடியாது. அவசரமாக நிறையத் தின்றால் வயிறு உப்பிச் சூலை கண்டு, சில மணி நேரத்தில் உயிரே போகலாம். அதனால் தீனியைச் சிறு சிறு பங்காக, ஒன்று தீர்ந்த பின் மற்றொன்றாக வைக்க வேண்டியிருந்தது. தின்று முடித்து, செரிக்கவும் நேரம் கொடுத்த பிறகே ஏர் பூட்டினர். அந்த இடைவெளியில் குதிரைக்காரர் வீட்டுக்குப் போய்த் தாமும் காலை உணவு உண்டு வருவார்.

முதன்மைத் தீனி ஓட்ஸ். அதனுடன் துண்டுதுண்டாக நறுக்கிய வைக்கோலும் உலர்புல்லும் கலக்கப்பட்டன. நறுக்கிய வைக்கோல் கலந்ததால் குதிரை தானியத்தை அப்படியே விழுங்காமல் மென்று தின்றது. கடும் வேலைக் காலத்தில் மொச்சை வகைப் பயறும், குளிர்காலத்தில் கிழங்கும், மயிர் மினுமினுக்க ஆளிவிதையும் சேர்ந்தன. வேலையின் அளவைப் பார்த்துத் தீனியின் அளவை மாற்றுவது முக்கியமான கணக்கு. ஞாயிற்றுக்கிழமை ஓய்வாக நின்ற குதிரைக்கு வேலை நாளின் முழுத் தீனியையும் வைத்துவிட்டால், திங்கட்கிழமை காலை ஏரில் நடக்கத் தொடங்கிய சிறிது நேரத்தில் அதன் பின்தொடைத் தசைகள் இறுகிக் கல்லாகும்; சிறுநீர் கறுத்து வரும். ‘திங்கட்கிழமை நோய்’ என்றே இதற்குப் பெயர் இருந்தது. இதைத் தவிர்க்கச் சனிக்கிழமை இரவு தானியத்தைக் குறைத்து, வெந்நீரில் ஊறவைத்த தவிட்டுக் கூழ் வைத்தனர்.

வேலை முடிந்து வந்த குதிரையை வியர்வையோடு நிற்கவிடுவதில்லை. வைக்கோல் பிரியால் உடலைத் தேய்த்து உலர்த்தி, இரும்புச் சீப்பாலும் தூரிகையாலும் அழுக்கை எடுத்தனர். குளம்பின் அடியில் சிக்கிய கல்லைக் கிளறி எடுப்பதும், கால் மயிரின் ஈரத்தைப் போக்குவதும் அன்றாட வேலை. ஈரம் தங்கினால் ஷயர், கிளைட்ஸ்டேல் குதிரைகளின் கணுக்காலில் தோல் வெடித்துப் புண்ணாகும். இரவு 8 மணி வாக்கில் மீண்டும் ஒருமுறை லாயத்துக்கு வந்து, இரவுத் தீனி வைத்து, படுக்கை வைக்கோலைச் சரிசெய்த பிறகே குதிரைக்காரரின் நாள் முடிந்தது.

ஏரும் நடையும்

ஒரு ஜோடிக் குதிரையும் ஒற்றைக் கலப்பையும் ஒரு நாளில் ஓர் ஏக்கர் உழுவது வழக்கமான அளவு. படைச்சாலின் அகலம் 9 அங்குலம் என்றால், ஓர் ஏக்கரை உழுது முடிக்க 11 மைல் நடக்க வேண்டும். குதிரைகளின் பின்னால் அதே 11 மைலைக் குதிரைக்காரரும் பிளந்த மண்ணில் நடந்தார். சஃபோக்கில் காலை பூட்டிய ஏரைப் பிற்பகல் வரை ஓட்டினர்; இடையில் சிறு ஓய்வு மட்டுமே உண்டு. ஸ்காட்லாந்திலோ வேலை நாள் இரண்டு பூட்டுகளாகப் பிரிந்தது. நண்பகலில் குதிரைகள் லாயத்துக்குத் திரும்பித் தின்று இளைப்பாறி, மீண்டும் வயலுக்குப் போயின.

பல குதிரைகள் உள்ள பண்ணையில் குதிரைக்காரர்களுக்குள் கண்டிப்பான வரிசை இருந்தது. தலைமைக் குதிரைக்காரர் தம் ஜோடியுடன் முதலில் வெளியேறுவார். இரண்டாமவர், மூன்றாமவர் அவரைத் தொடர்வர். முன்னேர் அவருடையது. அதை மீறுவது பெருங்குற்றமாகக் கருதப்பட்டது. நேரான படைச்சால் குதிரைக்காரரின் கௌரவம். சாலையோர வயலில் கோணல் சால் விழுந்தால் ஊரே பேசும். உழவுப் போட்டிகளில் சாலின் நேர்த்தியோடு, குதிரையின் பிடரி மயிர்ப் பின்னலும் சேணத்தின் பளபளப்பும் பரிசுக்குரியவையாயின. ரிப்பனுக்கும் பித்தளை அணிகளுக்கும் தம் சொந்தக் கூலியிலிருந்தே பணம் செலவழித்த குதிரைக்காரர்கள் பலர்.

குதிரையின் இழுவிசை முழுவதும் தோள் வழியாகவே கலப்பைக்குப் போகிறது. அதனால் சேணப் பொருள்களில் எல்லாவற்றையும்விட முக்கியமானது கழுத்து வளையம். ரை என்னும் தானியப் பயிரின் வைக்கோலைத் திணித்து, தோலால் மூடி, உட்புறத்தில் கம்பளித் துணி தைத்து அதைச் செய்தனர். வளையம் சற்றுப் பெரிதானால் தோளில் உராய்ந்து புண்ணாக்கும். சிறிதானால் மூச்சை அடைக்கும். வேலையில் குதிரை மெலியும்போதும் ஓய்வில் கொழுக்கும்போதும் கழுத்தின் அளவு மாறும் என்பதால் வளையத்தை அடிக்கடி சரிபார்த்தனர். சேணக்காரர் பண்ணைக்கே வந்து பழுது பார்த்தார். கொல்லர் சில வாரங்களுக்கு ஒருமுறை லாடத்தைக் கழற்றி, வளர்ந்த குளம்பைச் சீவி, மீண்டும் அடித்தார். பனி உறைந்த நாள்களில் வழுக்காதிருக்க லாடத்தில் கூர்மையான ஆணிகள் பொருத்தப்பட்டன.

குட்டியைப் பழக்குதல்

இளவேனில் காலத்தில் பொலிகுதிரை ஒன்றைக் கையில் பிடித்தபடி ஊர் ஊராக நடந்து செல்லும் ஆள்கள் இருந்தனர். வாரந்தோறும் அதே ஊர்களைச் சுற்றிவந்து பண்ணைகளின் பெண்குதிரைகளுக்குச் சினை பிடிக்கச் செய்வது அவர்கள் தொழில். சினைக்காலம் ஏறத்தாழ 11 மாதம். சினைக் குதிரையை ஈனும் காலம் நெருங்கும்வரை இலகுவான வேலையில் வைத்திருந்தனர். முற்றிலும் நிறுத்தி வைப்பதைவிட அதுவே நல்லதென்று கண்டிருந்தனர்.

பழக்குதல் குட்டிப் பருவத்திலேயே தொடங்கியது. தாயின் அருகில் நிற்கும்போதே தலைக்கயிறு மாட்டி நடத்துவது, காலைத் தூக்கிக் காட்டப் பழக்குவது, மனிதக் கை உடலெங்கும் படுவதைப் பொறுத்துக்கொள்ளச் செய்வது ஆகியவை முதல் பாடங்கள். ஒரு டன் எடைக்கு வளர்ந்த பிறகு எந்த மனிதனாலும் அதைப் பலத்தால் அடக்க முடியாது. தன் பலத்தை அது அறியுமுன்பே பணிவு பழக்கமாகிவிட வேண்டும். இரண்டு வயதில் வாயில் கடிவாளம் இட்டனர். பழக்குவதற்கான கடிவாளத்தில் சிறு உலோகத் துண்டுகள் தொங்கும். குதிரை அவற்றை நாவால் உருட்டி விளையாட, வாயில் எச்சில் ஊறி, இரும்பின் மேல் உள்ள வெறுப்பு குறையும். பிறகு நீண்ட கயிறுகளைக் கட்டி, ஆள் பின்னால் நடந்தபடி நிற்க, நடக்க, திரும்பக் கற்றுக்கொடுத்தார்.

அடுத்தது பாரம். முதலில் ஒரு மரக்கட்டையை இழுக்கவிட்டு, பின்னால் வரும் சத்தத்துக்கும் காலில் உரசும் சங்கிலிக்கும் பழக்கினர். பின்னர் முதிர்ந்த, நிதானமான குதிரையுடன் ஜோடியாகவோ, இரண்டு குதிரைகளுக்கு நடுவிலோ ஏரில் பூட்டினர். இளங்குதிரை பாய்ந்தால் மற்றவை அதைத் தாங்கி நிறுத்தும். நின்றுவிட்டால் தம்முடன் இழுத்துச் செல்லும். தொடக்கத்தில் சிறிது நேரமே வேலை கொடுத்து, சோர்வதற்கு முன்பே அவிழ்த்தனர். தன்னால் இழுக்க முடியாத பாரத்தை ஒருமுறை சந்தித்த குதிரை அதன் பிறகு முயலாமலே நின்றுவிடும் என்பதால், இழுத்தால் நகரும் என்னும் நம்பிக்கை அதற்குக் குலையாமல் பார்த்துக்கொள்வதே பழக்குபவரின் திறமை. எலும்பு முற்றாத வயதில் பெரும்பாரம் ஏற்றினால் மூட்டுகள் கெடும். முழு வேலை நான்கைந்து வயதுக்குப் பிறகே.

இதிலிருந்தே ஒரு வணிகமும் எழுந்தது. கிழக்கு இங்கிலாந்தின் ஃபென் சமவெளி போன்ற பகுதிகளில் விவசாயிகள் இளங்குதிரைகளை வாங்கி, சில ஆண்டுகள் உழவில் பழக்கி, ஐந்தாறு வயதில் நகர நிறுவனங்களுக்கு விற்றனர். குதிரை தன் தீனிக்கு உழைத்தது. விற்பனையில் ஆதாயமும் தந்தது.

இரகசியமும் சங்கமும்

இத்தகைய அறிவு எழுத்தில் இல்லை. அது தந்தையிடமிருந்து மகனுக்கும், மூத்தவரிடமிருந்து இளையவருக்கும் போயிற்று. சிலவற்றை இரகசியமாகவே காத்தனர். ஸ்காட்லாந்தின் வடகிழக்கில் ‘குதிரைக்காரர் சொல்’ என்னும் இரகசியச் சங்கம் இருந்தது. நவம்பரில் வரும் மார்ட்டின்மஸ் காலத்து இரவில், ஒரு களஞ்சியத்தில், கண்கட்டப்பட்ட இளைஞர்கள் ரொட்டியும் விஸ்கியும் கொண்டுவந்து உறுதிமொழி எடுத்தனர். ஆறு மாத ஒப்பந்தத்தில் பண்ணை பண்ணையாக மாறி, சிறு அறைகளில் கூட்டாகத் தங்கிய அந்த உழவர்களுக்குச் சங்கம் ஒற்றுமையையும் பேரம் பேசும் துணிவையும் தந்தது. கிழக்கு இங்கிலாந்திலோ, நள்ளிரவில் ஓடையில் விட்ட தேரை எலும்புகளில் நீரோட்டத்தை எதிர்த்துச் செல்லும் ஒன்றை வைத்திருப்பவருக்கு எந்தக் குதிரையும் அடங்கும் என்று நம்பினர்.

குதிரையை அடக்கும் இந்த வித்தைகளின் அடிப்படை அதன் கூரிய மோப்ப உணர்வு. லாய வாசற்படியில் அருவருப்பான நாற்றமுள்ள ஒன்றைத் தடவிவிட்டால் குதிரை அதைத் தாண்டாமல் நிற்கும். ரோஸ்மேரி போன்ற வாசனை எண்ணெயைக் கையிலோ உடையிலோ தடவிக்கொண்டால் அருகில் வரும். காரணத்தை மறைத்து விளைவை மட்டும் காட்டியதால் பார்த்தவர்களுக்கு அது மாயமாகத் தோன்றியது. சஃபோக்கின் பிளாக்ஸ்ஹால் கிராமத்தில் குடியேறிய ஜார்ஜ் ஈவர்ட் எவன்ஸ், முதிய குதிரைக்காரர்களிடம் கேட்டு இவற்றையெல்லாம் பதிவுசெய்தார். 1960இல் வெளிவந்த ‘தி ஹார்ஸ் இன் தி ஃபரோ’ என்னும் அவருடைய நூல் இத்துறையில் அடிப்படையான ஆவணம்.

டிராக்டரின் வருகை

முதல் உலகப் போர் பண்ணைக் குதிரைகளைப் பெருமளவில் இராணுவத்துக்கு இழுத்துச் சென்றது. ஆளும் குதிரையும் குறைந்த நிலையில் 1917இல் அரசு அமெரிக்காவிலிருந்து ஃபோர்ட்சன் டிராக்டர்களை வரவழைத்தது. ஆனாலும் அடுத்த இருபது ஆண்டுகள் பெரும்பாலான பண்ணைகளில் குதிரையே நீடித்தது. இரண்டாம் உலகப் போரின் உணவு உற்பத்தி நெருக்கடியும், 1946 முதல் பெருமளவில் வந்த சிறிய ஃபெர்குசன் டிராக்டரும் நிலைமையை மாற்றின. இழுவிசையில் மட்டும் டிராக்டர் குதிரையை வெல்லவில்லை. வேலை இல்லாத நாளில் அதற்குத் தீனி வேண்டாம். விடியலுக்கு முன் எழுந்து வர ஆள் வேண்டாம். குதிரைத் தீனிக்காக ஒதுக்கிய பல ஏக்கர் ஓட்ஸ் நிலத்தில் விற்பனைக்கான பயிரையும் வைக்கலாம். குதிரையை வலிமையாக வைத்திருந்த அன்றாடப் பராமரிப்பே கணக்குப் பார்த்த பண்ணையாருக்குச் செலவாகத் தெரிந்தது. ஒரு தலைமுறைக்குள் லாயங்கள் காலியாயின. பல்லாயிரம் குதிரைகள் இறைச்சிக்கு விற்கப்பட்டன. 1966இல் சஃபோக் இனத்தில் பதிவான குட்டிகள் ஒன்பது மட்டுமே.

1973இல் தொடங்கிய அரிய இனங்கள் பாதுகாப்பு அறக்கட்டளையும் இனச் சங்கங்களும் இனப்பெருக்கத்தை ஊக்குவித்து அழிவைத் தடுத்தன. எனினும் சஃபோக் இன்றும் அருகிவரும் இனமே. டட்காஸ்டரின் சாமுவேல் ஸ்மித் போன்ற சில மதுபான ஆலைகள் ஷயர்களை வண்டியில் பூட்டுவதை விடவில்லை. கனரக எந்திரம் மண்ணை இறுக்கிவிடும் காடுகளில் வெட்டிய மரத்தை இழுத்துவரவும் குதிரைகள் பயன்படுகின்றன. அங்கே வேலை செய்பவர்களும் கழுத்து வளையத்தைச் சரிபார்த்து, தீனியை வேலைக்கேற்ப அளந்து, இளங்குதிரையை மூத்த குதிரையின் பக்கத்தில் பூட்டியே பழக்குகிறார்கள். இனம் பிழைத்திருப்பதற்குப் பதிவேடு உதவியது. தொழில் பிழைத்திருப்பதற்கு அதைக் கைப்பழக்கமாக அறிந்தவர்கள் இளையவர்களுக்குக் கற்றுக்கொடுத்ததே காரணம்.