நசரே அலையும் மதராஸ் படகும்

சிவகாசிக்காரனுக்குக் கடலில் என்ன வேலை என்று கேட்காதீர்கள் நண்பர்களே. எங்களுக்குக் கடல் என்றால் தூத்துக்குடிக்கோ திருச்செந்தூருக்கோ போய், முழங்கால் தண்ணீரில் நின்றுவிட்டு வருவதுதான். ஆனாலும் போர்ச்சுகல் நாட்டில் நசரே என்ற ஊரின் அலைகளை ஒரு தடவை வீடியோவில் பார்த்துவிட்டால் யாருக்கும் லேசில் மறக்காது. எட்டு மாடி உயரத்துக்குத் தண்ணீர் எழும்பி நிற்கிறது. அதன் சரிவில் எறும்பு மாதிரி ஒரு மனிதன், ஒரு பலகைமேல் நின்றபடி இறங்கி வருகிறான்.

நசரேயில் மட்டும் ஏன் இப்படி? கரைக்கு வெளியே கடலடியில் ஒரு பெரிய பள்ளத்தாக்கு இருக்கிறது. அட்லாண்டிக்கில் இருந்து வரும் அலையின் வேகம் அந்த ஆழத்தில் குறையாமல் வந்து, கரை ஓரமாக மற்ற அலையோடு சேர்ந்து ஒரேயடியாக மேலே எழுகிறது. 2011 நவம்பரில் கேரட் மெக்நமாரா என்ற அமெரிக்கர் அங்கே 78 அடி அலையில் சறுக்கினார். 2020 அக்டோபர் 29 அன்று ஜெர்மனியின் செபாஸ்டியன் ஸ்டூட்னர் சறுக்கிய அலை 86 அடி. அலையையும் அடிக்கணக்கில் அளந்து, சான்றிதழ் கொடுத்து, கின்னஸில் ஏற்றுகிறார்கள்.

ஆபத்து எங்கே இருக்கிறது என்றால், விழுவதில் அல்ல, விழுந்த பிறகு. உடைந்த அலை ஆளை அடியில் அழுத்தி வைத்துக்கொள்ளும். மேலே வந்து ஒரு மூச்சு இழுப்பதற்குள் அடுத்த அலை தலைமேல் விழும். மார்க் ஃபூ என்ற ஹவாய் வீரர் 1994 டிசம்பரில் கலிபோர்னியாவின் மேவரிக்ஸ் என்ற இடத்தில் இறந்தார். 2023 ஜனவரியில் பிரேசிலின் மார்சியோ ஃப்ரெய்ரே நசரேயில் இறந்தார். இரண்டு பேரும் கற்றுக்குட்டிகள் இல்லை, அந்தத் துறையில் பேர் வாங்கியவர்கள். செத்தவர்களின் கதை தெரிந்தும் அடுத்த குளிர்காலத்தில் அதே இடத்துக்கு ஆட்கள் வரிசையாக வருகிறார்கள். ஏன் என்று கேட்டால் பயம்தான் ருசி என்கிற மாதிரி ஏதாவது சொல்வார்கள். எனக்கு அது பாதி புரிகிறது, பாதி புரியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். அலையைக் கடப்பதையே தினசரி வேலையாக வைத்திருந்த ஊர் ஒன்று நம்மிடம் இருந்தது. அது வேறு எதுவும் இல்லை, சென்னைதான்.

1639-ல் கிழக்கிந்தியக் கம்பெனி கோட்டை கட்ட இடம் வாங்கியபோது அங்கே துறைமுகம் கிடையாது. வளைகுடாவும் கிடையாது. நேராகத் திறந்த கடல், சரிவான மணல் கரை. கப்பல்கள் தூரத்திலேயே நங்கூரம் போட்டு நிற்கும். கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் வரிசை வரிசையாக அலை உடையும். உயரத்தில் நசரேயோடு ஒப்பிட்டால் இது குட்டி அலைதான். ஆனால் நசரேயில் அலை பிடிக்காவிட்டால் வீட்டுக்குப் போகலாம். இங்கே கவர்னர், துணிப்பொதி, வெள்ளிக்காசு, கடிதம், குதிரை எல்லாமே இந்த அலையைத் தாண்டித்தான் வந்தாக வேண்டும். வேறு வழியே இல்லை. கிட்டத்தட்ட 250 வருடம் இப்படியே ஓடியிருக்கிறது.

ஐரோப்பியக் கப்பலில் இருந்த படகுகள் இதற்கு உதவவில்லை. ஆணி அடித்த விறைப்பான படகு தரையில் மோதினால் பிளந்துவிடும். அதனால் எல்லோரும் நம் ஊர் மசூலாப் படகை நம்பினார்கள் (புதுச்சேரிப் பக்கம் இதற்குச் சலங்கு என்று பெயர்). 30 அடிக்கு மேல் நீளம், ஆனால் ஒரு ஆணி கூடக் கிடையாது. பலகைகளைத் தென்னை நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆமாம், துணி தைப்பது போலத் தையல். அலை அடித்தால் படகு நெளியும், உடையாது. தண்ணீர் உள்ளே கசியும், ஒருவர் இறைத்துக்கொண்டே இருப்பார்.

பின்னால் நின்று படகைத் திருப்புகிறவர் தண்டல். அவருடைய கண்தான் எல்லாம். துடுப்புப் போடுகிறவர்களை நிறுத்திவைத்து, பின்னால் வரும் அலைகளைப் பார்ப்பார். பெரிய அலை வந்து படகுக்கு அடியில் போனதும் கத்துவார். உடனே எல்லோரும் மூச்சைப் பிடித்துத் துடுப்புப் போட்டு அந்த அலையின் முதுகிலேயே கரைக்கு ஓட வேண்டும். ஒரு நொடி முந்தினால் அலைக்கு முன்னால் குப்புற விழும். பிந்தினால் அடுத்த அலை பின்னால் வந்து அடிக்கும். படகு குறுக்கே திரும்பிவிட்டால் கதை முடிந்தது. நசரேயில் அலையைத் தேர்ந்தெடுக்கும் கணக்கும் இதற்குப் பக்கத்தில் வருவதுதான்.

மசூலாவும் போக முடியாத நாள்கள் இருந்தன. அன்று கடலுக்குப் போவது ஆபத்து என்று கரையில் கொடி ஏற்றுவார்கள். அப்போதும் போனவர்கள் கட்டுமரக்காரர்கள். நாலைந்து மரத்தைக் கயிற்றால் கட்டியது, அவ்வளவுதான். முழங்காலிட்டு உட்கார்ந்து துடுப்புப் போட வேண்டும். கப்பலுக்குப் போகும் கடிதத்தை ஓலைத் தொப்பிக்குள் நனையாமல் வைத்துத் தலையில் கட்டிக்கொள்வார்கள். அலை ஆளை மரத்தில் இருந்து பிய்த்து எறியும். நீந்தி வந்து மறுபடி ஏறிக்கொள்வார்கள். பயணிகள் போகும் மசூலாவுக்குப் பக்கத்தில் துணைக்குப் போய், கவிழ்ந்தால் ஆட்களைத் தூக்குவதும் இவர்கள் வேலை. உயிரைக் காப்பாற்றியவர்களுக்குப் பதக்கமும் உண்டு.

டாம்பியர் என்ற ஆங்கில மாலுமி 1697-ல் வெளிவந்த தன் பயணப் புத்தகத்தில் கட்டுமரத்தைப் பற்றி எழுதிவிட்டார். ஹவாய்க்காரர்கள் பலகையில் சறுக்குவதை கேப்டன் குக்கின் ஆட்கள் எழுதியது 1779-ல்தான். அதாவது நம் ஆட்கள் 80 வருடம் சீனியர் :)

ஆனால் ஒரு வித்தியாசம். ஹவாயில் அது விளையாட்டு, அங்கே ராஜ குடும்பங்களே சறுக்கியிருக்கின்றன. அதனால் அதற்குக் கதையும் பெயர்களும் தங்கின. மதராஸில் அது கூலி வேலை. பயணக் குறிப்பு எழுதிய துரைகளும் துரைசானிகளும் அலையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். தங்களைக் கரை சேர்த்த தண்டலின் பெயரை எழுதியவரைத் தேடினால் கிடைப்பது கஷ்டம். நான் காமர்ஸ் மாணவன், எனக்கு இது கணக்குப் பிரச்சினையாகத் தெரிகிறது. சரக்கு நனைந்தால் நஷ்டம் என்று எழுத ஒரு பத்தி இருந்தது. ஆள் போனால் எழுதுவதற்கு என்ன பத்தி இருந்தது? சிவகாசியில் இருந்து பார்க்கும்போது இந்தக் கேள்வி சும்மா வருவதில்லை. மருந்துக் கலவை அறைக்குள் காலையில் போகிறவரை யாரும் சாகச வீரர் என்று சொல்வதில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலை வெடித்தபோது 40 பேர் அளவில் இறந்தார்கள். செய்தியில் நமக்கு நினைவிருப்பது அந்த எண்ணிக்கை மட்டும்தான்.

இரண்டு உலகமும் ஒட்டுகிற இடமாக எடி ஐகாவ் என்பவரைச் சொல்லலாம். ஹவாயின் வைமியா கடற்கரையில் சம்பளத்துக்கு உயிர்காப்பாளராக இருந்தவர், பெரிய அலைகளில் சறுக்கிப் பேர் வாங்கியவரும் அவரே. 1978 மார்ச்சில் ஹொகுலேயா என்ற இரட்டை உடல் பாய்மரப் படகில் போனார். புயலில் படகு கவிழ்ந்தது. உதவி கொண்டு வருகிறேன் என்று தன் பலகையில் ஏறித் துடுப்புப் போட்டுப் போனவர் திரும்பவே இல்லை. மற்றவர்கள் காப்பாற்றப்பட்டார்கள். அந்த மாதிரி இரட்டை உடல் படகுக்கு இன்று உலகம் முழுக்க ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் நம் கட்டுமரம்தான்.

மதராஸ் கதை மெல்லத்தான் மாறியது. 1861-ல் கடலுக்குள் நீளமாக இரும்புப் பாலம் ஒன்று கட்டினார்கள். பிறகு துறைமுக வேலை தொடங்கி, கை இரண்டையும் நீட்டின மாதிரி கற்சுவர்கள் கடலுக்குள் போயின. 1881 நவம்பரில் ஒரு புயல் வந்து அதில் பெரும்பகுதியைப் புரட்டிப் போட்டது. மறுபடி கட்டி முடிக்க 1890-கள் ஆகிவிட்டன. சுவர் மணலைத் தடுத்ததால் தெற்கே மெரினா அகலமானது, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் கரையைத் தின்றது. கப்பல் சுவருக்குள்ளேயே வந்து நின்றதும் மசூலாவுக்கு வேலை போனது.

விளையாட்டுக்கான அலை கோவளத்துக்கு வெகு காலம் கழித்து வந்தது. அந்த ஊர் மீனவர் மூர்த்தி மேகவன் 2012-ல் அங்கே அலைச்சறுக்குப் பள்ளி தொடங்கினார். 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி மாமல்லபுரத்தில் நடந்தது, ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினார். அவருடைய பெயர், மதிப்பெண், எல்லாம் பதிவில் இருக்கிறது. நல்ல விஷயம்தான்.

2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் கட்டுமரங்கள் குறைந்து ஃபைபர் படகுகள் பெருகிவிட்டன. ஃபைபர் படகிலும் அதே வேலைதான். விடியற்காலையில் அலை உடையும் இடத்துக்கு இந்தப் பக்கம் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, ஒருவர் எழுந்து நின்று கடலைப் பார்க்கிறார். பெரியது ஒன்று போகட்டும் என்று காத்திருந்து, அது உடைந்ததும் படகை விடுகிறார்.