காளான் தந்த சித்திரங்கள்



இரத்தினபுரிப் பகுதியில் ஆண்டொன்றுக்கு 3,500 மில்லிமீற்றருக்கும் அதிகமான மழை பொழிகின்றது. மழை விட்டு வெயில் தலைகாட்டும் காலை வேளையில், றப்பர் மரங்களின் அடியிலும் கறையான் புற்றின் ஓரத்திலும் வெண்குடைகள் விரிந்து நிற்கும். தோட்டத்துத் தமிழர் அதனைக் காளான் என்பர். அயற் கிராமத்துச் சிங்களவர் ஹத்து என்பர். இரு சாராருக்கும் அது மழை தந்த கறி. ஆயின், நேற்றில்லாதது இன்று தோன்றி நாளை அழுகிவிடும். அத்தகைய ஒன்றின் உருவத்தை நிலைநிறுத்த முயன்றோரின் வரலாறு சுவையானது, படிப்பினையும் உடையது.

சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலே, பேராதனைப் பூங்காவின் தலைவராயிருந்த துவைற்ஸ் என்பார், இலங்கைக் காளான்களைத் திரட்டி இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே பார்க்கிலி என்னும் பாதிரியாரும் புரூம் என்பவரும் அவற்றை ஆராய்ந்து பெயரிட்டனர். அவர்களுடைய ‘இலங்கைக் காளான்கள்’ என்னும் கட்டுரைத் தொடர் 1870களில் வெளிவந்தது. அவ்விருவர் கைக்கும் எட்டியவை உலர்ந்து சுருங்கிய சருகுகளே. நிறம் போயிற்று, வடிவமும் மணமும் போயின. போனவற்றை மீட்டுத் தந்தது எது? பேராதனையில் பணியாற்றிய டி அல்விஸ் குடும்பத்துச் சிங்கள ஓவியரின் தூரிகையே. செடியும் காளானும் வாடுமுன்னரே அவர்கள் அவற்றை வண்ணத்தில் வரைந்து வைத்தனர்.

1869இல் கோப்பிச் செடியின் இலைகளில் துரு நோய் கண்டது. அதனை விளைத்த நுண்ணிய பூஞ்சணத்துக்குப் பெயர் சூட்டியவரும் பார்க்கிலியே. கோப்பி அழிந்தது, அதன் இடத்தைத் தேயிலையும், பின்னர் சபரகமுவ மலைச்சரிவுகளில் றப்பரும் பிடித்தன. அன்று முதல் தோட்டத்துரைமாருக்குப் பூஞ்சணம் என்றால் பகை. றப்பர் வேரை அரிக்கும் வெண்வேர் நோயும் ஒரு பூஞ்சணத்தின் வேலையன்றோ? இந்தப் பகையை ஆராயும் பொருட்டு 1905இல் பேராதனைக்கு வந்தவர் பெட்ச்.

அவர் பகையை மட்டும் பார்க்கவில்லை. முன்னோர் சருகைக் கண்டு பெயரிட்டவற்றைப் பச்சையாகத் தேடிச் சென்று, ஒப்புநோக்கித் திருத்தினார். புற்றுக்குள்ளே கறையான் காளான் வளர்ப்பதைப் பற்றி 1906இல் நீண்ட கட்டுரை எழுதினார். கறையான் தாவரப் பொருளை மென்று தேன்கூடு போன்ற தட்டுகளை அமைக்கின்றது. அதில் வளரும் பூஞ்சணத்தை உண்கின்றது. மழைக்காலத்தில் அதே பூஞ்சணம் நீண்ட வேர்போன்ற தண்டை நீட்டி, மண்ணைப் பிளந்து மேலே குடை விரிக்கின்றது. தோட்டத்து மக்கள் விரும்பிப் பறிக்கும் புற்றுக்காளான் இதுவே.

பின்னர் ஒளிப்படக் கருவி வந்தது. பழைய தகடுகளுக்கு ஒளி மிகுதியாக வேண்டும். காளானோ நிழலில் வாழ்வது. கறுப்பு வெள்ளைப் படம் நிறத்தையும் காட்டாது. ஆகவே தூரிகையின் ஆட்சி நெடுங்காலம் நீடித்தது. இன்று கையடக்கத் தொலைபேசியே கருவியாகிவிட்டது. சிங்கராஜ வனத்தின் ஓரத்திலே குனிந்து, செதில்களின் ஊடே ஒளி கசிவதைப் படமாக்குவோர் பலர். அது நல்ல கலையே.

எனினும் ஓர் எச்சரிக்கை உண்டு. அழகிய படம் பெரும்பாலும் குடையின் மேற்புறத்தையே காட்டும். கொடிய நஞ்சுடைய சில காளான்களின் அடையாளமோ தண்டின் அடியில் மண்ணுள் மறைந்த கிண்ணமே. அந்த நஞ்சை உண்டவர்க்கு ஆறு மணி நேரத்துக்கும் மேலாக ஒன்றும் தோன்றாமல் இருக்கலாம்; பின்னரே வாந்தியும் ஈரற் கேடும் தொடரும். படத்தைப் பார்த்து உலையேற்றுவது உயிரைப் பணயம் வைப்பதாகும்.

காளான் தானே வரையும் படமும் ஒன்றுண்டு. குடையை வெட்டிக் காகிதத்தின் மேல் கவிழ்த்து ஓர் இரவு மூடிவைத்தால், வித்துத்தூள் உதிர்ந்து செதில்களின் வரிகளை அப்படியே பதிக்கும். புற்றுக்காளானின் தூள் இளஞ்சிவப்பு. வெப்ப நாட்டுப் புல்வெளிகளில் தோன்றும் நச்சுக்காளான் ஒன்றின் தூள் பச்சை. இதுவும் தனித்து முடிவு சொல்லாது. பல சாட்சிகளுள் ஒன்றாகவே கொள்ளத்தக்கது.

மற்றுமொரு சாட்சி எந்த ஏட்டிலும் ஏறாதது. எந்தப் புற்றில் எந்த மழைக்குப் பின் எது முளைக்கும், எதனைத் தொடலாகாது என்று லயத்துப் பாட்டிமார் அறிவர். துவைற்சின் பெயர் நிலைத்தது. பெட்சின் பெயர் நிலைத்தது. கூடையேந்தி மலை ஏறியவர் அறிவு வாய்மொழியாகவே நின்றது. அந்தத் தலைமுறை மறைந்தால் அதுவும் மறையும். ஆதலின், படம் எடுக்கும் இளைஞர்களே, மேலும் கீழும் வேரடியும் தெரிய எடுங்கள். இடமும் நாளும் குறியுங்கள். பாட்டி சொன்ன பெயரையும் பக்கத்திலே எழுதுங்கள். வாடும் முன் வரைந்து வைத்த அந்தப் பேராதனை ஓவியர் நமக்குக் காட்டிய வழி அதுவே.