இரு தரப்புக்கும் ஒரு வக்கீல்: இந்திய வழக்கறிஞர் தொழிலில் நலமுரண் விதிகள் வளர்ந்த வழி

பாகப்பிரிவினை வழக்குப் போட வேண்டும் என்று ஒரு பெண் தாலுகா நீதிமன்றத்து வக்கீலிடம் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மஞ்சள் பையிலிருந்து மூலப் பத்திரத்தையும் பட்டா நகலையும் எடுத்து மேசையில் வைக்கிறார். அண்ணன் எவ்வளவு கேட்டார், தான் எவ்வளவு வரை இறங்கி வரத் தயார் என்பதையெல்லாம் சொல்லி முடித்த பிறகே அண்ணனின் பெயர் வருகிறது. குமாஸ்தா நிமிர்ந்து பார்க்கிறார். அதே சொத்து விஷயமாக, ஆறு வருடத்துக்கு முன் அந்த அண்ணனுக்கு யோசனை சொல்லி நோட்டீஸ் எழுதிக் கொடுத்தது இந்த அலுவலகம்தான். இனி இந்த வக்கீல் அண்ணனுக்கு எதிராக வக்காலத்துப் போட முடியாது. தங்கையின் மனதில் உள்ள தொகை தெரிந்துவிட்டதால் அண்ணனுக்காகவும் இனி ஆஜராகக் கூடாது.

நலமுரண் என்று இன்று நாம் சொல்லும் சிக்கல் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. அதில் கெட்ட எண்ணம் யாருக்கும் இருக்க வேண்டியதில்லை. இந்தியச் சட்டம் இதை எப்படிப் படிப்படியாகக் கையாண்டது என்று பார்த்தால் ஒரு சாய்வு தெரிகிறது. கட்சிக்காரரின் சொத்தின்மேல் வக்கீலுக்கு வரக்கூடிய ஆசையைச் சட்டம் முன்கூட்டியே கண்டு, கடுமையாகவே தடுத்தது. கட்சிக்காரரின் ரகசியம் மறுதரப்புக்கு உதவிவிடும் ஆபத்தை அது அந்த அளவுக்கு யோசித்துப் பார்க்கவில்லை.

கம்பெனி ஆட்சியில் வக்கீல் தொழிலை முதலில் ஒழுங்குபடுத்தியது வங்காளத்தின் 1793ஆம் ஆண்டு ஏழாம் ஒழுங்குமுறை. இந்துக்களும் முஸ்லிம்களும் மட்டுமே வக்கீலாகலாம் என்று அது வைத்த வரம்பை 1846ஆம் ஆண்டின் முதல் சட்டம் நீக்கியது. சென்னை மாகாணத்துக்கு 1816இன் பதினான்காம் ஒழுங்குமுறை வந்தது. தொழில் உரிமமான சனது பெற்றவர்தானா, வாங்கும் கட்டணம் சரியா என்பவையே அந்தக் காலத்தின் பெரிய கவலைகள்.

இங்கே ஓர் அமைப்பு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்து இங்கிலாந்தில் பாரிஸ்டர் கட்சிக்காரரிடமிருந்து நேராக வழக்கை வாங்கியதில்லை. சொலிசிட்டர் இடையில் இருப்பார். குடும்பக் கதையும் கணக்குப் புத்தகமும் சொலிசிட்டரிடம் இருக்கும். பாரிஸ்டருக்குத் தேவையான அளவு மட்டும் போய்ச் சேரும். நம் மாவட்ட நீதிமன்றங்களில் வளர்ந்த வக்கீலோ இரண்டு வேலையையும் ஒருவரே பார்த்தார். பிராது எழுதுவதும் அவர்தான், வாதாடுவதும் அவர்தான். ரகசியம் முழுவதும் ஒரே மனிதரிடம், ஒரே கட்டில் இருந்தது. இங்கிலாந்தைவிட இங்கேதான் நலமுரண் விதி அழுத்தமாக இருந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டம் ஒரு நல்ல தொடக்கம். கட்சிக்காரர் சொன்னதை அவருடைய வெளிப்படையான சம்மதம் இல்லாமல் வக்கீல் வெளியிடக் கூடாது என்றது அதன் 126ஆம் பிரிவு. 127ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போய், அந்தக் கடமையை மொழிபெயர்ப்பாளர், குமாஸ்தா, வேலைக்காரர் வரைக்கும் நீட்டியது. ரகசியம் தனி மனிதரிடம் மட்டும் தங்குவதில்லை, ஓர் அலுவலகம் முழுவதும் பரவுகிறது என்பதை அன்றே அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் புரிந்துகொண்டிருந்தார்கள். 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சியச் சட்டத்திலும், 132ஆம் பிரிவாக, இந்தப் பாதுகாப்பு தொடர்கிறது. ஆனாலும் இது வாய் திறக்காதே என்று சொல்லும் விதி. அறிந்ததை மனதில் வைத்துக்கொண்டே எதிர்த்தரப்புக்கு வாதாடாதே என்று இது சொல்லவில்லை.

சொத்தின் பக்கம் சட்டம் தயங்கவே இல்லை. 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 136ஆம் பிரிவு, வழக்குப் போட்டு வசூலிக்கக்கூடிய கடன் உரிமைகளை நீதிபதியோ வக்கீலோ நீதிமன்ற அலுவலரோ விலைக்கு வாங்கக் கூடாது என்றது. வழக்குக்குப் பணம் போட்டுப் பலனில் பங்கு வாங்கும் ஒப்பந்தம் ஆங்கிலச் சட்டத்தில் குற்றமாக இருந்தபோது, அந்தத் தடை இந்தியாவுக்கு அப்படியே பொருந்தாது என்று பிரிவி கவுன்சில் 1876இல் சொல்லியிருந்தது. சாதாரண மனிதருக்குக் கிடைத்த இந்தச் சலுகை வக்கீலுக்குக் கிடையாது என்பதை உச்ச நீதிமன்றம் 1954இல் உறுதிசெய்தது. மூத்த வழக்கறிஞர் ஒருவர் வசூலாகும் தொகையில் பாதியைத் தன் கட்டணமாகப் பேசியிருந்தார். ஒப்பந்தச் சட்டம் அதை அனுமதித்தாலும் தொழில் ஒழுக்கம் அனுமதிக்காது என்றது நீதிமன்றம். வழக்கின் முடிவில் தனக்கும் பங்கு இருக்கிற வக்கீலால் சமரசத்துக்குப் போகலாமா வேண்டாமா என்று கட்சிக்காரருக்குத் தெளிவாக யோசனை சொல்ல முடியாது.

நிறுவன வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1879ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டமும் 1926ஆம் ஆண்டு பார் கவுன்சில்கள் சட்டமும் ஒழுங்கு நடவடிக்கையை உயர் நீதிமன்றத்தின் கையிலேயே வைத்திருந்தன. 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டம்தான் அதை வழக்கறிஞர்களே தேர்ந்தெடுக்கும் பார் கவுன்சில்களிடம் ஒப்படைத்தது. அந்தச் சட்டத்தின் கீழ் இந்திய பார் கவுன்சில் வகுத்து 1975இல் வெளியான நடத்தை விதிகளே இன்றளவும் நம் அடிப்படை.

அந்த விதிகளைச் சேர்த்து வைத்துப் படித்தால் நான் சொன்ன சாய்வு தெரியும். வழக்கின் பலனில் பங்கு பேசக் கூடாது (20), கடன் உரிமையை வாங்கக் கூடாது (21), தான் நடத்திய வழக்கில் ஏலத்துக்கு வரும் சொத்தைத் தன் பெயரிலோ பினாமியாகவோ எடுக்கக் கூடாது (22), கட்சிக்காரரின் பணத்துக்குக் கணக்கு வைக்க வேண்டும் (25). பண விஷயத்தில் ஒரு சந்து விடாமல் அடைத்திருக்கிறார்கள். நீதிபதியின் உறவினர் அவர் முன் ஆஜராகக் கூடாது என்னும் 6ஆம் விதி தாத்தா, பேரன், மாமனார், மைத்துனர் வரை உறவுகளைப் பெயர் சொல்லிப் பட்டியலிடுகிறது. தானே சாட்சியாக வேண்டியிருக்கும் என்று நம்பக் காரணம் இருந்தால் அந்த வழக்கை ஏற்கக் கூடாது என்கிறது 13. இதை எதிர்த்தரப்பு ஆயுதமாக்கிக்கொள்ளலாம் என்பதும் பின்னால் தெரியவந்தது. வேண்டாத வக்கீலை விலக்க அவர் பெயரையே சாட்சிப் பட்டியலில் சேர்க்கும் தந்திரத்தை 2011இல் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது.

தரப்பு மாறுவதைப் பற்றிப் பேசுபவை முக்கியமாக இரண்டே விதிகள். வழக்கின் தரப்பினரோடு தனக்குள்ள தொடர்பையும், வழக்கில் தனக்குள்ள அக்கறையையும் தொடக்கத்திலேயே கட்சிக்காரரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பது 14. ஒரு விவகாரத்தில் எப்போதேனும் யோசனை சொன்னவர், பிராதோ பதிலுரையோ எழுதியவர், ஒரு தரப்புக்காகச் செயல்பட்டவர், எதிர்த்தரப்புக்கு ஆஜராகக் கூடாது என்பது 33. ராஜஸ்தான் வழக்கறிஞர் ஒருவர் ஒரே குற்றவழக்கில் இரு தரப்புக்கும் மாறி மாறி ஆஜரானபோது, அது தொழில் மரபுக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் 1983இல் ஐயமின்றிச் சொன்னது.

அதற்குச் சற்று முன், 1979இல், தமிழ்நாட்டிலிருந்து உச்ச நீதிமன்றத்துக்குப் போன மேல்முறையீடு இந்த வரலாற்றில் உருக்கமானது. காது கேளாத எழுபது வயது முதியவரும் அவர் மனைவியும் இரண்டு புரோநோட்டுகளைக் கொடுத்து வழக்குப் போடச் சொன்னார்கள். வழக்குப் போடாமலே போட்டாகிவிட்டது என்று நம்பவைத்தார் வக்கீல். தண்டனையின் ஒரு பகுதியை இலவசச் சட்ட உதவிப் பணியாக மாற்றினார் நீதிபதி கிருஷ்ணய்யர். மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி ஏ. பி. சென், வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் உள்ள உறவு முழுக்க முழுக்க நம்பிக்கையால் ஆனது என்பதை விரிவாக எழுதினார். நேரடி நலமுரண் வழக்கு அல்ல என்றாலும், பணம் கைமாறாத இடத்திலும் நம்பிக்கைத் துரோகம் நடக்கும் என்ற எண்ணத்துக்கு அந்தப் பக்கங்கள் வலு சேர்த்தன.

1997இல் வந்த டெல்லி வழக்கில் கதை மறுபடியும் சொத்துக்கே திரும்பியது. உரிமை யாருக்கு என்று வழக்கு நடந்துகொண்டிருந்த சொத்தைத் தன் கட்சிக்காரரிடமிருந்தே ஒரு வழக்கறிஞர் 1,80,000 ரூபாய்க்கு வாங்கி 3,40,000 ரூபாய்க்கு விற்றார். ஓராண்டுத் தடையை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. எண்கள் கையில் இருந்ததால் தவறு எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. காதில் விழுந்த ரகசியத்துக்கு இப்படி ஓர் எண் கிடையாது.

இங்கிலாந்து இந்தக் கடினமான பகுதியை நேருக்கு நேர் சந்தித்தது. ஒரு பங்குதாரரிடம் ஆலோசனை கேட்டவருக்கு எதிராக, அது தெரியாத இன்னொரு பங்குதாரர் ஆஜரானதை 1912இல் ராகுசன் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தடுக்கவில்லை. புருனே இளவரசர் ஜெப்ரி போல்கியா கேபிஎம்ஜி கணக்காய்வு நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கில், 1998 டிசம்பரில் பிரபுக்கள் சபை பார்வையை மாற்றியது. அறையைப் பிரித்து, ஆளைப் பிரித்து அவசரமாக எழுப்பும் தடுப்புச் சுவர் போதாது. ரகசியம் கசியும் உண்மையான ஆபத்து இல்லை என்று நிறுவனமே நிரூபிக்க வேண்டும் என்றார் மில்லட் பிரபு.

நம் 33ஆம் விதி இன்னும் ஒற்றை ‘வழக்கறிஞரை’ மட்டுமே காண்கிறது. பக்கத்து அறைச் சீனியரையும், அலுவலகம் மாறிப்போன ஜூனியரையும் அது பெயரிடுவதில்லை. இந்தியச் சட்டத்துக்கு இது தெரியாது என்றும் சொல்ல முடியாது. 2015 திருத்தத்தில் நடுவர் மன்றச் சட்டத்தோடு சேர்ந்த ஏழாம் அட்டவணை, ஒரு தரப்புக்கு ஆஜராகும் சட்ட நிறுவனத்தைச் சேர்ந்த வழக்கறிஞர் அந்தத் தகராறில் நடுவராக இருக்கத் தகுதியற்றவர் என்கிறது. நடுவருக்கு ஒரு கூரை என்றால் வழக்கறிஞருக்கும் அதே கூரைதானே?

அந்தத் தாலுகா அலுவலகத்து மேசையில் ஒரு வாய்தா டைரி இருக்கிறது. தேதிவாரியாக எழுதப்பட்டது. எந்தத் தேதியில் எந்த வழக்கு என்று அது சொல்லும். இந்தப் பெயர் இதற்கு முன் இங்கே வந்ததா என்று கேட்டால் குமாஸ்தாவின் நினைவு மட்டுமே பதில் சொல்லும். அவர் அன்று விடுப்பில் இருந்திருந்தால் அந்தப் பெண்ணின் வக்காலத்தில் கையெழுத்தாகியிருக்கும். கட்சிக்காரரின் பணத்துக்குக் கணக்குப் புத்தகம் வைக்கச் சொல்லும் 25ஆம் விதியைப் போல, பெயர்வாரிப் பதிவேடு வைக்கச் சொல்லும் விதி அந்த நடத்தை விதிகளில் இல்லை.