ஜூபிடருக்கு ஒரு தொப்பி

எங்க மாமா கள்ளக்குறிச்சியில ரொம்ப வருஷம் ஸ்டூடியோ வச்சிருந்தவர். கடையை மூடினப்போ எனக்குன்னு ஒரு ரெக்ஸின் பை எடுத்து வச்சிருந்தார். உள்ளே ஒரு ஸெனிட் கேமரா, ஒரு ஜூபிடர்-37ஏ லென்ஸ் (135 எம்.எம்., எஃப் 3.5), ஒரு பழைய நெகடிவ் கவர். "லென்ஸ் சுத்தமா இருக்கு மாப்ள. ஹூட் மட்டும் இல்ல. அது ஒரு கல்யாணத்துல போச்சு" என்றார்.

ஹூட் இல்லாட்டி என்ன பெரிய விஷயம் என்றுதான் நினைத்தேன். பொட்டி தட்டுறவனுக்கு வேற எப்படித் தோணும்? ஃபோட்டோஷாப் இருக்குல்ல :-)

அடாப்டர் போட்டு என் கேனானில் மாட்டி, கச்சிராயபாளையம் வழியா வெள்ளிமலைக்கு வண்டியை விட்டேன். கல்வராயன் மலையை அந்தப் பக்கமா ஏறினவங்களுக்குத் தெரியும், காலையில் மலைப்பாதையில் நின்று கீழே சமவெளியைப் பார்த்தால் சூரியன் நேரா மூஞ்சியில் அடிக்கும். சாயங்காலம் கீழே கோமுகி அணைப் பக்கம் நின்று மலையைப் பார்த்தாலும் அதே கதை, சூரியன் மலைக்குப் பின்னாடி இறங்கும். அதாவது, இந்த ஊரில் அழகா இருக்கிற ரெண்டு நேரமும் வெளிச்சத்துக்கு எதிரா நின்னுதான் படம் எடுக்கணும். நாற்பது படம் எடுத்தேன். நாற்பதும் மோர் ஊத்தின மாதிரி வந்தது. கறுப்பு கறுப்பாவே இல்லை.

மாமாவிடம் காட்டினேன். அவர் ஒண்ணும் சொல்லாமல் அந்த நெகடிவ் கவரைப் பிரித்து ஒரு துண்டை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். 1987. கோமுகி அணை, சாயங்காலம். என் ஆயா, அதாவது மாமாவோட அம்மா, கரையில் நிற்கிறார். ஆயாவைத் தனியாக எடுத்த ஒரே படம் அதுதான். ஊருக்கெல்லாம் படம் பிடிச்ச மனுஷன் வீட்டில் இதுதான் நிலைமை. பிரிண்ட் போட்டால் முகம் இருக்கிற இடத்தில் ஒரு வெள்ளைத் திரைதான் இருக்கும், அதனால் பிரிண்ட் போட்டதே இல்லையாம்.

அன்றைக்குத்தான் இந்த ஹூட் விஷயத்தை ஒழுங்காகப் படிக்க உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்குங்க.

ஒளி காற்றிலிருந்து கண்ணாடிக்குள் நுழையும்போதும், கண்ணாடியிலிருந்து வெளியே வரும்போதும், ஒவ்வொரு தடவையும் சுமார் 4 சதவீதம் திரும்பிவிடும். ஜூபிடர்-37ஏ-வில் நாலு கண்ணாடி, மூணு தொகுதி. காற்றைத் தொடும் பரப்பு ஆறு. பூச்சு எதுவும் இல்லாத வெறும் கண்ணாடி என்று வைத்துக்கொண்டால் 0.96-ஐ ஆறு தடவை பெருக்கணும், 78 சதவீதம்தான் உள்ளே போய்ச் சேரும். போன வெளிச்சம் போகட்டும் என்று விட முடியாது. அது போவதில்லை, அங்கதான் பிரச்சினை. ஒரு பரப்பில் திரும்பி இன்னொன்றில் முட்டி மறுபடி ஃபிலிமை நோக்கி வரும். ஆறு பரப்பில் இரண்டிரண்டாக எடுத்தால் 15 ஜோடி. பத்துப் பரப்பு இருந்தால் 45. சில சமயம் அது படத்தில் வட்ட வட்டமாகப் பேய் மாதிரி தெரியும். பெரும்பாலும் அதுகூடத் தெரியாது, படம் முழுக்க ஒரு மெல்லிய வெள்ளையாகப் பரவி உட்கார்ந்துவிடும். ஆயா முகத்தில் உட்கார்ந்தது இதுதான்.

வேடிக்கை என்னவென்றால், இதில் பாதிக் குற்றவாளி படத்துக்குள்ளேயே இல்லாத வெளிச்சம். சூரியன் சட்டத்துக்கு வெளியே இருந்தாலும் முன்கண்ணாடியில் அடித்தால் போதும். அதை மட்டும் மறைக்கலாம். வயல்ல நிக்கிறவங்க தூரத்தில் வர்ற ஆளைப் பார்க்கப் புருவத்துக்கு மேல கையை வைக்கிறாங்களே, அதேதான் ஹூட்.

இது பழைய சங்கதி. 1840-இல் வியன்னாவில் ஜோசஃப் பெட்ஸ்வால் வடிவமைத்த போர்ட்ரெய்ட் லென்ஸ் அந்தக் காலத்துக்கு ரொம்ப வேகமானது, எஃப் 3.6. அந்த வகைப் பித்தளை லென்ஸ்கள் பலவற்றின் முன்னால் பித்தளையிலேயே ஒரு வளையம் நீட்டிக்கொண்டிருக்கும். மூடி அதன் மேல்தான் உட்காரும். ஷட்டர் கிடையாது, மூடியைத் திறந்து, எண்ணி, மூடணும். நம்ம பக்கத்துக்கு வந்தால், மெட்ராஸ் அரசாங்கத்தின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் ட்ரைப் மதுரை, தஞ்சாவூர் எல்லாம் சுற்றி எடுத்த படங்கள் 1858-இல் வெளியாயின. அதில் ராயக்கோட்டையும் சேலம் மாவட்டமும் ஒரு தனித் தொகுப்பு. அவர் கையில் இருந்ததும் பூச்சில்லாத கண்ணாடிதான். அந்தப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பொறாமையா இருக்கும்.

டெலிஃபோட்டோ வந்தது 1891-இல். இங்கிலாந்தில் தாமஸ் டால்மேயர், ஜெர்மனியில் அடால்ஃப் மீத்தே, அடால்ஃப் ஸ்டைன்ஹைல் என்று மூன்று பேர் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் தனித்தனியாக அதைக் கொண்டுவந்தார்கள். குவியத் தூரத்தைவிட லென்ஸின் உடம்பு குட்டையாக இருக்கணும், அதுதான் டெலிஃபோட்டோவின் இலக்கணம். தூரத்தில் இருப்பதை இழுக்கிற லென்ஸ் என்றால் நடுவில் இருக்கிற புகை, தூசி எல்லாம் சேர்ந்துதான் வரும். அதோடு ஃப்ளேரும் சேர்ந்தால் மிச்சம் ஒண்ணும் இருக்காது.

பூச்சுக் கதை இன்னும் சுவாரஸ்யம். டென்னிஸ் டெய்லர் என்ற ஆங்கிலேயர் 1890-களில் ஒன்றைக் கவனித்தார். வயசாகி மேலே கறை படிந்த லென்ஸ், புதுசைவிட அதிக வெளிச்சத்தை உள்ளே விடுது! அழுக்கு நல்லதுன்னு முதல்ல கண்டுபிடிச்சவர் அவர்தான் போல. ரசாயனத்தால் செயற்கையாகக் கறை படிய வைக்கவும் முயன்றார், அது சீராக வரவில்லை. 1935-இல் ஸைஸ் கம்பெனியில் வேலை பார்த்த உக்ரைன்காரர் அலெக்சாண்டர் ஸ்மாகுலா, வெற்றிடத்தில் மெல்லிய படலம் பூசும் முறைக்குக் காப்புரிமை எடுத்தார். ஜெர்மன் ராணுவம் அதை ரகசியமாக அமுக்கி வைத்தது. அமெரிக்காவில் 1938-இல் காத்தரின் பிளாட்ஜெட் தன் வழியில் பிரதிபலிக்காத கண்ணாடி செய்து காட்டினார். போர் முடிந்ததும் ஸைஸ் தொழிற்சாலையின் இயந்திரங்களும் வரைபடங்களும் சோவியத் போனது, லுட்விக் பெர்ட்டலே வடிவமைத்த ஸொன்னார் லென்ஸ் அங்கே ஜூபிடர் ஆனது. அப்புறம் ரூபாய் வியாபாரத்தில் ஸெனிட் கேமராக்கள் இந்தியாவுக்கு வந்தன. ஜெனா, மாஸ்கோ, கள்ளக்குறிச்சி. மாமாவின் ரெக்ஸின் பைக்கு இத்தனை பெரிய ரூட் இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

ஆனால் மாமாவின் ஜூபிடரில் இருப்பது ஒற்றைப் பூச்சு. பல அடுக்குப் பூச்சு பென்டாக்ஸ்காரர்களின் டாக்குமார் லென்ஸ்களில் 1971 வாக்கில் வந்து அப்புறம்தான் எல்லாருக்கும் பரவியது. ஆக, ஹூட் வேணும்.

முதலில் சுலபமான வழி. இந்த லென்ஸின் முன் மரை 52 எம்.எம். அது நிக்கான்காரர்களும் ரொம்ப காலமாகப் பயன்படுத்தும் அளவு, அதனால் எங்கேயும் கிடைக்கும். உலோக ஹூட் ஒன்று வாங்கினேன். நல்லா இறுக்கமா மாட்டியது. ஒரு பிரயோஜனமும் இல்லை. அது 50 எம்.எம். லென்ஸுக்குச் செய்தது. 50 எம்.எம். மூலைக்கு மூலை சுமார் 47 டிகிரி பார்க்கும், 135 பார்ப்பது 18 டிகிரிதான். 47 டிகிரிக்கு வழி விடுகிற ஹூட் 135-க்குக் குட்டைப் பாவாடை. பழைய லைக்காக்காரர்கள் இதற்கு 'ஃபிக்கஸ்' என்று ஒரு ஹூட் வைத்திருந்தார்கள், இழுத்து நீட்டி லென்ஸுக்கு ஏற்ற குறியில் நிறுத்திக்கொள்ளலாம், 13.5 சென்டிமீட்டர் வரை. விலையைப் பார்த்துவிட்டு ஜன்னலை மூடிவிட்டேன். மூணு மடிப்பு ரப்பர் ஹூட் வாங்கினேன். மலைக்காற்றில் அது தானா மடங்கிக்கிச்சு.

அப்பத்தான் மா. கிருஷ்ணன் ஞாபகம் வந்தார். அ. மாதவையாவின் மகன். 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் 1950-இலிருந்து 1996-இல் இறக்கும்வரை காட்டுயிர் பற்றி எழுதியவர். அவருடைய தமிழ்க் கட்டுரைகளை சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்திருக்கிறார். மனுஷன் யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தது, கடையில் வாங்கின கேமராவில் இல்லை. ஒன்றின் உடம்பு, இன்னொன்றின் லென்ஸ், வேறு எதெதுவோ எல்லாம் சேர்த்துத் தானே கட்டின சாதனம். அதற்கு 'சூப்பர் பாண்டரோஸா' என்று பேர் வேறு. பத்மஸ்ரீ வாங்கினவரே அப்படி ஒட்டுப்போட்டிருக்கார், நமக்கென்ன?

கரும்பு, மரவள்ளி விளையுற ஊரில் பைப்புக்கா பஞ்சம்? ரெண்டு இஞ்ச் பி.வி.சி., வெளி விட்டம் 63 எம்.எம்., உள்ளே ஏறக்குறைய 58. கணக்கு இதுதான்: லென்ஸின் துளை 135/3.5 = 38.6 எம்.எம். என் கேமராவின் சென்சாரின் மூலைவிட்டத்தில் பாதி 13.4 எம்.எம். அதை 135-ஆல் வகுத்தால் 0.1. அப்ப ஹூட் ஒவ்வொரு எம்.எம். நீளும்போதும் வாய் 0.2 எம்.எம். விரியணும். 90 எம்.எம். நீளத்துக்கு 38.6 + 18 = 56.6. பைப்புக்குள் அடங்குது! இன்ஜினியரிங் படிச்சது வீண் போகலைன்னு ஒரு நிமிஷம் மார் தட்டினேன். ஆனால் துளை முன்கண்ணாடியில் இல்லை, கொஞ்சம் உள்ளே இருக்கு. வெள்ளைச் சுவரைப் படமெடுத்தால் நாலு மூலையும் இருட்டு. அறுத்து அறுத்துக் கடைசியில் 65-இல் நின்றது. கண்ணாடி உடைந்த ஒரு 52 ஃபில்டர் வளையத்தைப் பின்பக்கம் ஒட்டினேன்.

போட்டுப் பார்த்தால், ஹூட் இல்லாததைவிட மோசம்! பைப்பின் உள்பக்கம் வழவழப்பு. கறுப்பு பெயின்ட் அடிச்சும் சாய்வாக விழுகிற வெளிச்சம் கண்ணாடியில் பட்ட மாதிரி வழுக்கி உள்ளே ஓடுது. மாமா ஒரு சிரிப்பு சிரித்தார். "வெல்வெட் ஒட்டு மாப்ள." டைலர் கடையில் கால் மீட்டர் கறுப்பு வெல்வெட். அதுக்கப்புறம் வெள்ளிமலைப் பாதையில் காலை ஏழு மணிக்கு எடுத்த படத்தில் முதல் தடவையாக மர நிழல் கறுப்பாக வந்தது.

மாமாவுக்கு உற்சாகம். அதே ஹூட்டை ஸெனிட்டில் போட்டு ஒரு ரோல் எடுத்தார். நான் தடுத்திருக்கணும். ஃபிலிம் சட்டம் பெரிசு, 0.1 இல்லை, 0.16. ஸெனிட்டின் வியூஃபைண்டர் சட்டத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் காட்டும், மூலையை அது காட்டவே காட்டாது. இருட்டு வெளிச்சத்துல லென்ஸை முழுக்கத் திறந்து வேறு எடுத்திருக்கார். ரோல் முழுக்கச் சாவித் துவாரம் வழியாப் பார்த்த கல்வராயன். கணக்குப் போட்டவன் நான், திட்டு வாங்கினதும் நான்.

இடையில் அந்த 1987 நெகடிவை ஸ்கேன் பண்ணினேன். ஃப்ளேர் என்பது படம் முழுக்க ஏறக்குறைய ஒரே அளவாகக் கூட்டப்பட்ட வெளிச்சம். கூட்டினதைக் கழிக்கலாம், ஓரளவு. கழிக்கக் கழிக்கக் குருணை பெரிசாகும், நுணுக்கம் கொஞ்சம் போயே போகும். ரெண்டு ராத்திரி உட்கார்ந்தேன். கண் சரியா வரல. ஆனால் வாய் வந்தது, கன்னம் வந்தது, மூக்குத்தி வந்தது.

பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மாமா ரொம்ப நேரம் வச்சுப் பார்த்தார். "உங்கம்மா பக்கத்துலதான் நின்னுச்சு. லென்ஸுக்கு மேல கையை வச்சுப் புடின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. படத்தை அலமாரியில் வைத்துவிட்டு வந்தவர், மிச்சம் இருந்த பைப்பை எடுத்து 40 எம்.எம்.-இல் பென்சிலால் கோடு போட்டார்.

"வெல்வெட் மிச்சம் இருக்கா மாப்ள?"