சிங்க்கில் ஊற்றிய சாட்சி

ஈயம் கருவைக் கலைக்கும் என்பது பழைய சங்கதி. பாரிஸில் அச்செழுத்துப் பட்டறைப் பெண்களுக்குக் கரு தங்காமல் போவதை கான்ஸ்தாந்தன் பால் என்ற மருத்துவர் 1860-லேயே எழுதிவிட்டார். இங்கிலாந்தில் சில ஊர்ப் பெண்கள் கருவைக் கலைக்கவே ஈயப் பிளாஸ்திரியை உருட்டி விழுங்கினார்கள். 1919-இல் வாஷிங்டனில் கூடிய உலகத் தொழிலாளர் மாநாடு, ஈய உலைகளில் பெண்களுக்கு வேலை தர வேண்டாம் என்று பரிந்துரைத்தது. ஈயத்தை அகற்றுவதைவிடப் பெண்ணை அகற்றுவது எல்லோருக்கும் சுலபமாகப் பட்டது. பேட்டரி ஆலையில் இப்படிப் பெண்களை ஒதுக்குவது பாகுபாடு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்ல 1991 ஆயிற்று.

சட்டமெல்லாம் ஆலை வாசலோடு சரி. எண்பதுகளில் சென்னைப் பூந்தமல்லி பக்கம் கரையான்சாவடியில் என் சித்தப்பா பேட்டரிக் கடை வைத்திருந்தார். மேலே பூசிய தாரைச் சூடுகாட்டி இளக்கி, பிளேட்டுகளைக் கொத்தாக உருவுவார். புதுப் பிளேட்டுகளை அடுக்கி, ஈயத்தை உருக்கிப் பற்றவைப்பார். கழித்த பிளேட்டுகள் சுவரோரம் சாம்பல் நிறத்தில் உதிர்ந்துகொண்டிருக்கும். அந்தக் காக்கிச் சட்டையோடுதான் வீட்டுக்கு வருவார். சித்தி அதைக் கையாலேயே அலசிப் போடுவார். சித்திக்கு இரண்டு தடவை கலைந்தது. காரணம் ஈயம்தான் என்று நான் சொல்ல மாட்டேன். யாரும் அளந்து பார்க்கவில்லையே.

அளக்கும் வேலை பிற்பாடு எனக்கே கொஞ்சம் பழக்கமாயிற்று. ஒரு கருத்தரிப்பு மையத்தின் ஆய்வகத்தில் இருந்தேன். முட்டைப்பையிலிருந்து உறிஞ்சிய நீர் வெதுவெதுப்பாக டியூபில் வரும். வைக்கோல் நிறம், சிலசமயம் ரத்தம் கலந்திருக்கும். மைக்ராஸ்கோப்பில் தேடி முட்டையை எடுத்ததும் மீதியைக் கிருமிநாசினி கலந்து சிங்க்கில் ஊற்றுவோம். முட்டை வாரக்கணக்கில் ஊறி வளர்ந்த நீர் அது. ரத்தத்தில் இருக்கும் உலோகம் அதிலும் வந்து சேரும்.

அதை அளப்பது லேசுப்பட்ட காரியமில்லை. ஊசியின் எஃகிலிருந்தே குரோமியமும் நிக்கலும் ஒட்டி வரலாம். டியூபை நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்துக் கழுவ வேண்டும். அடுத்தடுத்த பைகளை உறிஞ்சும்போது ரத்தமும் கழுவும் திரவமும் கலந்துவிடுமென்பதால் முதல் பையின் நீர்தான் உத்தமம். நூறு கோடியில் ஒரு பங்கையும் பிடிக்கும் ஐ.சி.பி.எம்.எஸ். கருவி 1983-லேயே விற்பனைக்கு வந்துவிட்டது. புகைபிடிக்கும் பெண்களின் முட்டைப்பை நீரில் காட்மியம் கூடுதல் என்று டொரன்டோ ஆய்வாளர்கள் 1995-இல் காட்டினார்கள்.

நம் ஊர்க் கணக்கைப் பாருங்கள். டாக்டர் கமலா செல்வராஜின் கைவண்ணத்தில் தென்னிந்தியாவின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை சென்னையில் பிறந்தது 1990-இல். ஈயமில்லாப் பெட்ரோல் சென்னைக்கு வந்தது 1995-இல், அதுவும் புதுக் கார்களுக்கு மட்டும். நாடு முழுக்க ஈயம் நின்றது 2000 பிப்ரவரியில். ஆக, பூந்தமல்லி சாலை ஈயப் புகை கக்கிய அந்தப் பத்து வருஷமும் முட்டைப்பை நீர் இந்த நகரத்திலேயே கிடைத்தது. பெட்ரோல் மாறிய பிறகும் கதை முடியவில்லை. 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், சென்னையில் 3 முதல் 7 வயதுள்ள 756 குழந்தைகளின் ரத்தத்தில் சராசரி ஈயம் டெசிலிட்டருக்கு 11.4 மைக்ரோகிராம், அன்றைய எச்சரிக்கை அளவு 10. அந்தப் பெண் குழந்தைகள் இன்று தாயாகும் வயதில் இருக்கிறார்கள். எலும்பில் புகுந்த ஈயம் பத்து இருபது வருஷம் அங்கேயே தங்கும். கர்ப்பத்தில் எலும்புச் சுண்ணாம்பு கரையும்போது கூடவே ரத்தத்துக்கு வரும்.

கருத்தரிப்பு மையங்களை நான் கேட்பது இதுதான்: அந்தப் பெண்ணின் சம்மதத்தோடு, முதல் பையின் நீரில் ஒரு மில்லியை மைனஸ் 80 டிகிரியில் எடுத்து வையுங்கள். பெயர் வேண்டாம். வயது, வளர்ந்த ஊர், வீட்டில் யாருக்கு என்ன தொழில், இவ்வளவு எழுதி ஒட்டினால் போதும்.