கொதிக்கும் அமிலத்துக்கு ஒரு பாத்திரம்: கல்பாக்கத்தின் டைட்டானியம் கதை

நான் பேசுற இந்தப் பெருங்குடியிலிருந்து கடற்கரையை ஒட்டியே தெற்கே போனால், மாமல்லபுரம் தாண்டியதும் கல்பாக்கம். கல்பாக்கம்னாலே எல்லாரும் அணு உலையைப் பத்திதான் பேசுவாங்க. இன்னைக்கு நாம பார்க்கப்போறது, உலையில் எரிந்து முடிந்த எரிபொருளைக் கரைக்கும் பாத்திரத்தை.

1985 அக்டோபர் 18. இந்தியாவின் முதல் வேக ஈனுலை எஃப்பிடிஆர் கல்பாக்கத்தில் இயங்கத் தொடங்கிய நாள். அதன் எரிபொருளில் புளுட்டோனியம் அதிகம். எரிந்த பிறகும் நிறைய மிச்சம் இருக்கும். அதை மீட்கணும்னா நைட்ரிக் அமிலத்தில் கரைக்கணும். ஆனா புளுட்டோனியம் மிகுந்த எரிபொருள் லேசில் கரையாது. அமிலம் சுமார் 11.5 மோலார் அடர்த்தியில் கொதிக்கணும்.

சாதாரண மறுசுழற்சி ஆலைகளில் 304எல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போதும். இங்கே அது தாங்காது. உலோகத் துகள்களுக்கு இடையிலான எல்லைகளை அமிலம் அரித்துவிடும். பாத்திரமோ காரீயச் சுவருக்குள்ளே, கதிர்வீச்சின் நடுவே. நம்ம சாஃப்ட்வேர் வேலையில் பிரச்சினை வந்தா ராத்திரியோட ராத்திரியா பேட்ச் போட்டுடலாம். அங்கே ஒரு ஓட்டை விழுந்தா மனுஷன் உள்ளே போய் அடைக்க முடியாது.

அதனால்தான் டைட்டானியம். அதன் மேல் தானாகவே உருவாகும் மெல்லிய ஆக்சைடு படலம்தான் கவசம். 2003ல் கல்பாக்கத்தில் இயங்கத் தொடங்கிய கோரல் என்ற சிறிய மறுசுழற்சி ஆலையில் கரைக்கும் பாத்திரம் டைட்டானியத்தில் செய்யப்பட்டது.

அப்போ டைட்டானியம்னா எதற்கும் கவலை இல்லையா? அப்படி இல்லை. 1953ல் அமெரிக்காவின் எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்தில், புகையும் செந்நைட்ரிக் அமிலத்தில் ஊறிக்கொண்டிருந்த டைட்டானியத் துண்டுகள் திடீரென வெடித்தன. அந்த ராக்கெட் அமிலத்தில் தண்ணீர் மிகமிகக் குறைவு. கல்பாக்கத்து அமிலத்தில் தண்ணீர் தாராளம், அதனால் அந்த ஆபத்து இல்லை. அமிலத்தின் பெயர் ஒன்றுதான், சூழல் வேறு.

கல்பாக்கத்தில் வந்த சிக்கல் இன்னும் நுணுக்கமானது. ஆராய்ச்சியாளர்கள் மாதிரித் துண்டுகளை 240 மணி நேரம் மூன்று இடங்களில் வைத்துச் சோதித்தார்கள்: கொதிக்கும் திரவத்துக்குள், ஆவியில், ஆவி குளிர்ந்து சொட்டும் இடத்தில். திரவத்துக்குள் தூய டைட்டானியம் நன்றாகத் தாங்கியது. ஏன்னா, கரைந்துபோன கொஞ்சம் டைட்டானியம் அயனிகளே மேற்கொண்டு அரிப்பைத் தடுத்துவிடும். ஆனா சொட்டும் துளி எப்பவும் புதுசு, அதில் அந்த அயனிகள் இல்லை. அங்கேதான் அரிப்பு அதிகம். அதாவது, பாத்திரத்தின் அடியை விட மேல்பகுதிக்குத்தான் ஆபத்து!

ஜப்பானியர்கள் 5 சதவீதம் டான்டலம் சேர்த்த கலவையைக் கொண்டுவந்தார்கள். நம்மவர்கள் 5 சதவீதம் டான்டலத்தோடு 1.8 சதவீதம் நியோபியமும் சேர்த்த கலவையை உருவாக்கினார்கள். இந்த இரண்டின் ஆக்சைடுகளும் படலத்தை உறுதியாக்குவதால், மூன்று இடங்களிலும் அரிப்பு குறைந்தது.

இன்னொரு தலைவலியும் இருந்தது. ஆலையின் மற்ற குழாய்கள் ஸ்டீல். டைட்டானியத்தையும் ஸ்டீலையும் உருக்கி வெல்டிங் செய்தால் இணைப்பு கண்ணாடி மாதிரி நொறுங்கும். அதனால் வெடிமருந்தின் விசையால் இரண்டையும் அழுத்தி ஒட்டும் முறையைக் கையாண்டார்கள்.

2024 ஜனவரி 2 அன்று, கோரலை விடப் பெரிய வேக உலை எரிபொருள் மறுசுழற்சி ஆலை கல்பாக்கத்தில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அந்தச் செய்தியில் டைட்டானியத்தைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசலை. ஆனா அதற்குப் பின்னால், ஆவி எங்கே குளிர்ந்து சொட்டும் என்று பல வருஷம் யோசித்தவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.