ஒற்றைப் பலகைக் கணினிகளில் கெர்னல் வழுநீக்கம்

செயலி, நினைவகம், இணைப்பு முனைகள் அனைத்தும் ஒரே மின்சுற்றுப் பலகையில் அமைந்த சிறு கணினிகளில், இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் உள்ள வழுக்களைக் கண்டறிந்து, பேட்ச் எனப்படும் திருத்தக் கோப்புகளால் சரிசெய்யும் பணி ஒற்றைப் பலகைக் கணினிகளின் கெர்னல் வழுநீக்கம் எனப்படும். பீகிள்போர்டு, ராஸ்பெரி பை, ஆரஞ்சு பை முதலிய பலகைகளில் பெரும்பாலும் ஆர்ம் வகைச் செயலிகளின்மேல் லினக்ஸ் கெர்னலே இயங்குகிறது. ஆகவே இத்துறையின் வரலாறு, ஆர்ம் செயலிகளில் லினக்ஸ் வேரூன்றிய வரலாற்றோடு பின்னிப் பிணைந்தது.

மேசைக் கணினிகளில் இல்லாத இரண்டு சிக்கல்கள் இங்கு உண்டு. மேசைக் கணினியில் பெரும்பாலான உறுப்புகள் தம்மைத் தாமே கெர்னலுக்கு அடையாளம் காட்டும். சிறு பலகைகளில் எந்த முகவரியில் எந்த உறுப்பு இருக்கிறது என்பதைக் கெர்னலுக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். இரண்டாவதாக, சில்லு உற்பத்தியாளர்கள் கெர்னலின் ஒரு நகலை எடுத்துத் தம் சில்லுக்கேற்ப மாற்றி வெளியிடுவது வழக்கம். பொது மூலநிரலில் பின்னர் செய்யப்படும் திருத்தங்கள் அந்த நகலைத் தாமாகச் சென்றடைவதில்லை.

முன்னோடிகள்

1976-ல் மாஸ் டெக்னாலஜி நிறுவனம் வெளியிட்ட கிம்-1, தொடக்ககால ஒற்றைப் பலகைக் கணினிகளுள் புகழ்பெற்றது. 6502 செயலியும் 1 கிலோபைட்டுக்குச் சற்று மேற்பட்ட நினைவகமும் கொண்ட அதில், 2 கிலோபைட் ரோமில் பதிந்திருந்த மானிட்டர் நிரலே இயங்குதளத்தின் வேலையைச் செய்தது. பலகையிலிருந்த ஒரு சுவிட்சைப் போட்டால், நிரல் ஒவ்வொரு கட்டளை முடிந்ததும் நின்று, முகவரியையும் அதிலுள்ள மதிப்பையும் ஆறு இலக்க ஒளித்திரையில் காட்டும். பயனர் எழுதிய நிரலை இப்படிச் சோதித்துத் திருத்த முடிந்தது. ரோமிலேயே பிழை இருந்தால் சில்லைத்தான் மாற்ற வேண்டியிருந்தது.

மென்பொருள் முழுவதையும் அனுப்பாமல் மாற்றத்தை மட்டும் அனுப்பும் வழக்கம் யூனிக்ஸ் உலகில் உருவானது. இரு கோப்புகளின் வேறுபாட்டைப் பட்டியலிடும் டிஃப் நிரலை 1970-களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் டக்ளஸ் மெக்கில்ராய் எழுதினார். அந்தப் பட்டியலை மறுமுனையில் படித்துக் கோப்பைத் தானே திருத்தும் பேட்ச் நிரலை லாரி வால் 1985-ல் வெளியிட்டார். இன்று வழக்கிலுள்ள வடிவத்தில் நீக்க வேண்டிய வரியின் முன் கழித்தல் குறியும், சேர்க்க வேண்டிய வரியின் முன் கூட்டல் குறியும் இருக்கும். இடத்தை அடையாளம் காண மேலும் கீழும் வழக்கமாக மும்மூன்று வரிகள் மாறாமல் தரப்படும். மூலநிரலில் அந்த வரிகள் சற்று நகர்ந்திருந்தால் பேட்ச் நிரல் தேடிப் பொருத்திவிடும். அவையே மாறிப்போயிருந்தால் அப்பகுதியை ஏற்க மறுத்து, தனிக் கோப்பில் ஒதுக்கி வைக்கும். பழைய கெர்னலுக்காக எழுதிய பேட்ச் புதிய கெர்னலில் பொருந்தாமல் போவது இப்படித்தான்.

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் தொடங்கிய லினக்ஸை ஆர்ம் செயலிக்குக் கொண்டுவரும் பணியை ரஸ்ஸல் கிங் 1994-ல் தொடங்கினார். ஒவ்வொரு கெர்னல் பதிப்புக்கும் மேலே இட வேண்டிய ஆர்ம் திருத்தங்களைத் தம் பெயரின் முதலெழுத்துகளான ஆர்எம்கே என்ற குறியுடன் அவர் நெடுங்காலம் பேட்ச்களாக வெளியிட்டுவந்தார்.

வழு கண்டறியும் கருவிகள்

கெர்னல் நின்றுபோனால் திரை, விசைப்பலகை, வலையிணைப்பு அனைத்தும் செயலிழக்கும். அப்போதும் பெரும்பாலும் பேசக்கூடியது சீரியல் கன்சோல். ராஸ்பெரி பை பலகையில் 40 ஊசி இணைப்பின் 8-ஆம் ஊசி அனுப்புவதற்கும், 10-ஆம் ஊசி பெறுவதற்கும், 6-ஆம் ஊசி தரை இணைப்புக்கும் பயன்படுகின்றன. இவற்றை ஒரு யுஎஸ்பி மாற்றியின் வழியே வேறொரு கணினியுடன் இணைத்து, வினாடிக்கு 1,15,200 பிட் வேகத்தில் கெர்னலின் செய்திகளைப் படிக்கலாம். ராக்சிப் சில்லு கொண்ட பலகைகள் பலவற்றில் இந்த வேகம் 15,00,000. வேகம் பொருந்தாவிட்டால் திரையில் குப்பை எழுத்துகளே வரும். ஊசிகள் 3.3 வோல்ட்டுக்கு உரியவை. 5 வோல்ட் கொடுத்தால் சில்லு பழுதாகக்கூடும்.

கெர்னல் தவறான நினைவக முகவரியைத் தொடும்போது ஊப்ஸ் என்னும் அறிக்கையை அச்சிடும். செயலியின் பதிவகங்களில் இருந்த மதிப்புகள், பிழை நேர்ந்த செயற்கூறின் பெயர், அதன் தொடக்கத்திலிருந்து எத்தனையாவது பைட்டில் நேர்ந்தது என்ற விவரம், அங்கு வந்துசேர்ந்த அழைப்புகளின் வரிசை ஆகியவை அதில் இருக்கும். கெர்னலை உருவாக்கியபோது கிடைத்த குறியீட்டு அட்டவணையுடன் இதை ஒப்பிட்டால், மூலநிரலில் எந்தக் கோப்பின் எந்த வரி என்பதுவரை சென்றடையலாம்.

இயங்கும் கெர்னலை நிறுத்தி ஆராயும் கேஜிடிபி 2008-ல் வெளியான 2.6.26 பதிப்பில் சேர்ந்தது. வழுநீக்கிக் கருவியை நம்புவோர் மூலநிரலை ஆழ்ந்து படிக்க மாட்டார்கள் என்ற கருத்தில் டோர்வால்ட்ஸ் அதை நெடுங்காலம் ஏற்காதிருந்தார். கெர்னலை நிறுத்தாமலே செயற்கூறுகள் எந்த வரிசையில் அழைக்கப்படுகின்றன என்று பதிவுசெய்யும் எஃப்ட்ரேஸ் அதே ஆண்டின் 2.6.27 பதிப்பில் வந்தது. கெர்னல் தொடங்குமுன்பே பலகை நின்றுவிட்டால், 1990-ல் தரமாக்கப்பட்ட ஜேடேக் இணைப்பின் வழியே செயலியையே நேரடியாகக் கட்டுப்படுத்தலாம்.

2005-ல் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய கிட், மூலநிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் தனித்தனியே பதிந்து வைப்பதால் வழுவின் பிறப்பிடத்தைத் தேடும் முறையே மாறியது. ஒரு பதிப்பில் வேலைசெய்த வலையிணைப்பு அடுத்த பதிப்பில் வேலைசெய்யாவிட்டால், இடைப்பட்ட மாற்றங்களின் நடுப்புள்ளியை எடுத்துச் சோதித்து, பிழையுள்ள பாதியை மீண்டும் இரண்டாகப் பிரித்துச் செல்வது கிட் பைசெக்ட். பத்தாயிரம் மாற்றங்கள் இருந்தாலும் ஏறத்தாழ 14 சோதனைகளில் குற்றவாளி சிக்கிவிடும். ஒவ்வொரு சோதனைக்கும் கெர்னலைப் புதிதாக உருவாக்க வேண்டும். தொடக்ககாலப் பலகைகளில் அதற்குப் பல மணி நேரம் ஆனது. எனவே வேகமான வேறொரு கணினியில் உருவாக்கிப் பலகைக்கு மாற்றுவதே நடைமுறை.

பலகைக் கோப்புகளும் டிவைஸ் ட்ரீயும்

2008-ல் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சில்லுடன் வந்த பீகிள்போர்டு, மலிவான லினக்ஸ் பலகைகளின் காலத்தைத் தொடங்கிவைத்தது. அன்று ஒவ்வொரு பலகைக்கும் அதன் உறுப்புகளை விவரிக்கும் ஒரு சி மொழிக் கோப்பு கெர்னலுக்குள்ளேயே இருந்தது. பலகைகள் பெருகப் பெருக, ஏறக்குறைய ஒரேமாதிரியான கோப்புகள் குவிந்தன. ஒரு பலகைக்காக உருவாக்கிய கெர்னல் வேறு நிறுவனச் சில்லுள்ள பலகையில் இயங்கவில்லை; ஒரு குழுவின் மாற்றம் இன்னொரு குழுவின் மாற்றத்தோடு மோதியது. 2011 மார்ச்சில் டோர்வால்ட்ஸ் இந்நிலையைக் கடுமையாகக் கண்டித்தார். ஆர்ம் சில்லுகளுக்கான மாற்றங்களை ஒரே இடத்தில் திரட்டிச் சீர்செய்யும் பொறுப்பை ஆர்ண்ட் பெர்க்மன், ஓலோஃப் ஜோஹன்சன் உள்ளிட்டோர் ஏற்றனர். முந்தைய ஆண்டில் தொடங்கப்பட்டிருந்த லினாரோ அமைப்பும் இப்பணிக்குத் துணைநின்றது.

தீர்வாக ஏற்கப்பட்டது டிவைஸ் ட்ரீ. சன் நிறுவனக் கணினிகளிலும் பவர்பிசி கணினிகளிலும் இருந்த ஓப்பன் ஃபர்ம்வேர் மரபிலிருந்து வந்த இம்முறையில், பலகையின் விவரம் கெர்னலுக்கு வெளியே தனிக் கோப்பில் இருக்கும். கெர்னலை ஏற்றும் நிரல் அதையும் சேர்த்துக் கொடுக்கும். 2012 டிசம்பரில் வந்த 3.7 பதிப்பில், வெவ்வேறு நிறுவனங்களின் ஆர்ம் சில்லுகளில் ஒரே கெர்னல் இயங்குவது சாத்தியமாயிற்று.

இதனால் வழுக்களின் இயல்பும் மாறியது. டிவைஸ் ட்ரீயில் ஓர் உறுப்பின் பெயரை ஓர் எழுத்து மாற்றி எழுதினாலும் அதை இயக்கும் கெர்னல் நிரலான இயக்கி அழைக்கப்படாது. பிழைச் செய்தி எதுவும் வராது. உறுப்பு இல்லாததுபோலவே கெர்னல் இயங்கும். ஓர் இயக்கி, தனக்கு மின்சாரம் தரும் உறுப்பின் இயக்கி இன்னும் தயாராகவில்லை எனில் 517 என்ற பிழை எண்ணைத் திருப்பி, பிறகு மீண்டும் முயலும். அந்த உறுப்பு டிவைஸ் ட்ரீயில் தவறாகக் குறிக்கப்பட்டிருந்தால் காத்திருப்பு முடிவதே இல்லை.

ராஸ்பெரி பையின் யுஎஸ்பி வழு

2012 பிப்ரவரி 29 அன்று விற்பனைக்கு வந்த ராஸ்பெரி பை, சிறு பலகைகளைப் பள்ளிகளுக்கும் வீடுகளுக்கும் கொண்டுசென்றது. அதன் பிராட்காம் சில்லிலிருந்த யுஎஸ்பி கட்டுப்பாட்டகம் சினாப்சிஸ் நிறுவனத்தின் வடிவமைப்பு. விசைப்பலகை, சுட்டி போன்ற மெதுவான கருவிகளை வேகமான ஹப் வழியே இணைக்கும்போது, ஒரு பரிமாற்றத்தை இரண்டாகப் பிரித்து உரிய நேரத்தில் முடிக்க வேண்டும். மேசைக் கணினிகளில் வன்பொருளே செய்யும் அந்த நேரக்கணக்கை இச்சில்லு மென்பொருளிடம் விட்டிருந்தது. 125 மைக்ரோவினாடிக்கு ஒருமுறை, அதாவது வினாடிக்கு 8,000 முறை, செயலிக்குக் குறுக்கீடு வந்தது. 700 மெகாஹெர்ட்ஸ் செயலி வேறு வேலையில் சற்றுத் தாமதித்தாலும் பரிமாற்றத்தின் இரண்டாம் பாதி தவறிப்போனது. அழுத்திய எழுத்து வராமல் போவது, ஒரே எழுத்து பலமுறை வருவது, ஒலி விட்டுவிட்டுக் கேட்பது ஆகியவை இதன் வெளிப்பாடுகள்.

யுஎஸ்பி முழுவதையும் பழைய 1.1 வேகத்துக்குக் குறைக்கும் ஓர் அமைப்பு வரி முதலில் தற்காலிகத் தீர்வாயிற்று. வலையிணைப்பும் யுஎஸ்பி வழியே வந்ததால் அதன் வேகமும் சரிந்தது. நிலையான தீர்வுக்கு, ஆர்ம் செயலியில் எஃப்ஐக்யூ எனப்படும் அதிவேகக் குறுக்கீட்டைப் பொறியாளர்கள் கையாண்டனர். லினக்ஸ் வழக்கமாகப் பயன்படுத்தாத அந்தக் குறுக்கீடு, கெர்னல் பிற குறுக்கீடுகளை நிறுத்திவைத்திருக்கும்போதும் செயல்படக்கூடியது. 2014-ல் வந்த திருத்தத்தில், பிரிந்த பரிமாற்றங்களின் முழுப் பொறுப்பும் எஃப்ஐக்யூவிடம் ஒப்படைக்கப்பட்டது.

வழு தீர்ந்தபோதும், அந்த இயக்கி ராஸ்பெரி பையின் சொந்தக் கெர்னலிலேயே தங்கிவிட்டது. பொது மூலநிரலான முதன்மைக் கெர்னலில் அதே கட்டுப்பாட்டகத்துக்கு டிடபிள்யூசி2 என்ற வேறோர் இயக்கி வளர்ந்தது. 2019-ல் வந்த ராஸ்பெரி பை 4, பெரிய யுஎஸ்பி முனைகளுக்குத் தனிச் சில்லைப் பயன்படுத்தி இச்சிக்கலைப் பெருமளவு தவிர்த்தது.

உற்பத்தியாளர் கெர்னல்கள்

சீனச் சில்லுகளை வைத்து வந்த மலிவுப் பலகைகளில் பிளவு இன்னும் ஆழமாக இருந்தது. ஆல்வின்னர் நிறுவனம் எச்3 உள்ளிட்ட சில்லுகளுக்கு, ஆண்ட்ராய்டுக்காக மாற்றிய 3.4 கெர்னலைத் தந்தது. 2012-ல் வெளியான அப்பதிப்பே 2016-லும் புதுப் பலகைகளில் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தக் கெர்னலில் உருவாக்கத்தின்போது சேர்த்த வழுநீக்க வசதி ஒன்று அப்படியே விடப்பட்டிருந்தது 2016-ல் வெளிச்சத்துக்கு வந்தது. குறிப்பிட்ட ஒரு கோப்பில் ‘ரூட்மைடிவைஸ்’ என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதினாலே போதும். எழுதிய நிரலுக்கு, அது எந்தப் பயனருடையதானாலும், நிர்வாகி உரிமை முழுதும் கிடைத்துவிடும். சிவிஇ-2016-10225 என்று பதிவான இந்த ஓட்டையை அடைக்கச் சில வரிகளை நீக்கினால் போதுமானதாக இருந்தது. ஆர்ம்பியன் போன்ற தன்னார்வ வெளியீடுகள் அதை விரைந்து செய்தன. பலகையுடன் வந்த கெர்னலையே பயன்படுத்தியவர்கள் அதன் உற்பத்தியாளரையே நம்பியிருக்க வேண்டியிருந்தது.

லினக்ஸ்-சன்சி என்ற தன்னார்வலர் குழு, ஆல்வின்னர் சில்லுகளின் இயக்கிகளைப் புதிதாக எழுதி முதன்மைக் கெர்னலில் சேர்த்துவந்தது. அங்கு ஏற்கப்படும் பேட்ச், அப்பகுதியின் பராமரிப்பாளரால் ஆராயப்படும். எழுதியவர் தம் பொறுப்பை உறுதிசெய்யும் கையொப்ப வரியும், வழுவை உண்டாக்கிய பழைய மாற்றத்தைச் சுட்டும் வரியும் அதில் இடம்பெறும். கெர்னலின் உள்ளமைப்பை யார் மாற்றினாலும், அதனால் பாதிக்கப்படும் இயக்கிகளையும் அவரே திருத்த வேண்டும் என்பது முதன்மைக் கெர்னலின் மரபு. வெளியே இருக்கும் இயக்கிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

பாதுகாப்புத் திருத்தங்களும் பராமரிப்புக் காலமும்

2005-ல் கிரெக் குரோ-ஹார்ட்மன், கிரிஸ் ரைட் இருவரும் தொடங்கிய நிலைப்பதிப்பு முறையில், வெளியான கெர்னலுக்கு வழுத்திருத்தங்கள் மட்டும் தொடர்ந்து சேர்க்கப்படுகின்றன. சில பதிப்புகள் பல ஆண்டுகள் பராமரிக்கப்படும். தொழிற்சாலைகளிலும் பொது உள்கட்டமைப்பிலும் இயங்கும் கருவிகளுக்காக 2016-ல் லினக்ஸ் அறக்கட்டளையின்கீழ் உருவான சிவில் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் பிளாட்ஃபார்ம், தேர்ந்த பதிப்புகளைப் பத்தாண்டுகளுக்குக் குறையாமல் பராமரிக்க முனைந்தது.

2016 அக்டோபரில் வெளிப்பட்ட டர்ட்டி கவ் என்னும் பாதுகாப்பு ஓட்டை, 2007-ல் வந்த 2.6.22 பதிப்பிலிருந்தே கெர்னலில் இருந்தது. நிலைப்பதிப்புகளைப் பின்பற்றிய பலகைகளுக்குத் திருத்தம் விரைவில் வந்துசேர்ந்தது. பழைய நகல்களில் அதை யாராவது கையால் பொருத்த வேண்டியிருந்தது. 2018 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட ஸ்பெக்டர், மெல்ட்டவுன் குறைகள் அன்றைய ராஸ்பெரி பை பலகைகளைத் தாக்கவில்லை. அவற்றின் எளிய செயலிகள், பாதுகாப்பை ஏமாற்றும் அளவுக்குக் கட்டளைகளை ஊகித்து முன்கூட்டியே இயக்குவதில்லை. 32 பிட் கணினிகளில் நேரக்கணக்கு 2038-ல் நிரம்பிவழியும் குறைக்கான திருத்தங்கள் 2020-ன் 5.6 பதிப்பில் நிறைவுற்றன.

அண்மை வளர்ச்சி

ஒரு பலகைக்கான திருத்தம் இன்னொன்றைக் கெடுக்கிறதா என்று கையால் சோதிப்பது இயலாததாயிற்று. 2014-ல் தொடங்கிய கெர்னல்சிஐ திட்டம், பல ஆய்வகங்களில் அடுக்கி வைத்த பலகைகளில் புதிய கெர்னல்களைத் தானாக ஏற்றி, மின்சாரத்தைத் தொலைவிலிருந்தே நிறுத்திப் போட்டு, சீரியல் கன்சோலின் செய்திகளைப் படித்து முடிவைத் தெரிவிக்கிறது. 2019-ல் இது லினக்ஸ் அறக்கட்டளையின் திட்டமாயிற்று.

இயந்திரக் கட்டுப்பாட்டுக்குத் தேவையான நிகழ்நேரத் திறனைத் தரும் ப்ரீஎம்ப்ட்-ஆர்டி, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தனிப் பேட்ச் தொகுப்பாகவே இருந்து, பகுதி பகுதியாக முதன்மைக் கெர்னலில் சேர்ந்து, 2024 நவம்பரில் வெளியான 6.12 பதிப்பில் 64 பிட் ஆர்ம் உள்ளிட்ட செயலிகளுக்கு முழுமை பெற்றது. 64 பிட் ஆர்ம் பலகைகளில் நிகழ்நேரக் கெர்னல் வேண்டுவோர் அதன்பின் தனிப் பேட்ச் இடாமலே அதை உருவாக்க முடிகிறது. புதிய சில்லுகளில் இடைவெளியும் குறைந்துவருகிறது: ராக்சிப் ஆர்கே3588 பலகைகள் 2022-ல் உற்பத்தியாளரின் 5.10 கெர்னலுடன் வந்தன. 2023-லேயே அச்சில்லுக்கு முதன்மைக் கெர்னலில் அடிப்படை ஆதரவு கிடைத்தது. கேமரா, காணொளிக் குறிநீக்கம், செயற்கை நுண்ணறிவுக் கணிப்பகம் ஆகியவற்றின் இயக்கிகளே பொதுவாக இறுதியில் வந்துசேர்கின்றன; பல பலகைகளில் உற்பத்தியாளர் கெர்னல் இன்னும் நீடிப்பதற்கு இவையே முதன்மைக் காரணம்.